ஒன்பதாயிரம் ரூபாய்க் கணினி

1998 அக்டோபரில் பெங்களூரில் வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றி ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. அதற்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோதுதான் சிம்ப்யூட்டர் என்ற யோசனை பிறந்தது. அன்றைக்கு ஒரு மேசைக் கணினி வாங்க நாற்பது, ஐம்பதாயிரம் ரூபாய் வேண்டும். விடாத மின்சாரம் வேண்டும், தொலைபேசி இணைப்பு வேண்டும், ஆங்கிலம் வேண்டும், விசைப்பலகையில் கை பழகியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட இல்லாத ஒருவருக்கான கணினி எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்கள் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் நால்வர்: சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய். அவர்களோடு அதே ஊரின் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்திலிருந்து வினய் தேஷ்பாண்டே உட்பட மூவர். எழுவரும் சேர்ந்து 1999 நவம்பரில் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 2001 ஏப்ரல் 25 அன்று உள்ளங்கையில் அடங்கும் மாதிரிக் கருவியை உலகுக்குக் காட்டினார்கள். குறிவைத்த விலை ஒன்பதாயிரம் ரூபாய்.

அந்த ஆண்டின் இறுதியில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங், ஆப்பிளின் புதிய மடிக்கணினியையும் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் எக்ஸ்பியையும் பின்னுக்குத் தள்ளி, 2001-இன் மிக முக்கியமான கணினிக் கண்டுபிடிப்பு இதுதான் என்றார். நான்கே ஆண்டுகளில் அதே கருவியைத் தோல்விக் கதைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 50,000 விற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் சுமார் 4,000 மட்டுமே விற்றதாகக் கணக்கு வந்தது. அந்தப் புகழும் இந்த இகழ்ச்சியும் கருவியைத் திறந்து பார்க்காமல் சொன்னவை. நாம் திறந்து பார்ப்போம்.

உள்ளே இருந்த செயலி இன்டெலின் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1110, வேகம் 206 மெகாஹெர்ட்ஸ். இது மலிவுச் சிப் அல்ல. 2000-இல் காம்பாக் நிறுவனம் 499 டாலருக்கு விற்ற ஐபேக் கைக்கணினியிலும் இதே சிப்தான் இருந்தது. சிம்ப்யூட்டரின் திரை கறுப்பு வெள்ளை. அளவு 320-க்கு 240 புள்ளி. இயக்குதளம் லினக்ஸ். இதனோடு ஒப்பிடத் தகுந்த மலிவுக் கருவி, பாம் நிறுவனம் 2002 அக்டோபரில் 99 டாலருக்கு வெளியிட்ட ஜயர். அதன் செயலியின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 2 மெகாபைட், திரை 160-க்கு 160 புள்ளி, பின்னொளி கிடையாது. அன்றைய மாற்று விலையில் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவு. நாட்குறிப்பு, முகவரிகள், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் ஆகியவற்றை அலுவலகத்துக்காரர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

அப்படியானால் பெங்களூர்க்காரர்கள் ஏன் அந்த வழியில் போகவில்லை? பதில் எழுத்துகளில் இருக்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றை ஐந்து புள்ளி அகலம், ஏழு புள்ளி உயரத்தில் படிக்கும்படி வரைந்துவிடலாம். கன்னடத்தின் கூட்டெழுத்தை அப்படி வரைய முடியாது. மெய்யின் காலடியில் இன்னொரு மெய் தொங்கும், மேலே உயிர்க்குறி ஏறும். தமிழின் ‘ணை’, ‘ஞூ’ போன்றவற்றுக்கும் அகலம் வேண்டும். ஜயர் திரையில் மொத்தம் 25,600 புள்ளிகள். சிம்ப்யூட்டர் திரையில் 76,800, சரியாக மூன்று மடங்கு. அதற்கு மேல், எழுத்தைக் குரலாக மாற்றிப் படித்துக் காட்ட வேண்டும் என்பது வடிவமைப்பின் நிபந்தனை. 16 மெகாஹெர்ட்ஸ் சிப் அதற்குத் திணறும். ஆகவே விலை உயர்ந்ததற்குக் காரணம் ஆடம்பரம் அல்ல. படிக்கத் தெரியாதவருக்கான கணினி, படித்தவருக்கான கணினியைவிட வலுவானதாக இருந்தாக வேண்டும். இந்த உண்மையைக் கருவியாகவே செய்து காட்டியதை நான் சிம்ப்யூட்டரின் முதல் சாதனையாகக் கருதுகிறேன்.

அந்த வலுவுக்கான விலையைப் பேட்டரி கொடுத்தது. சிப்பில் செலவாகும் மின்திறன் அதன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் ஏறும். மெதுவான சிப்பும் பின்னொளி இல்லாத சிறு திரையும் கொண்ட பாம் வகைக் கருவிகள் ஒருமுறை பேட்டரி போட்டால் வாரக்கணக்கில் ஓடின. சிம்ப்யூட்டரின் முதல் வடிவம் சுண்டுவிரல் அளவுள்ள மூன்று மறுமின்னேற்ற பேட்டரிகளை நம்பியிருந்தது. அது மணிக்கணக்கில்தான் தாக்குப்பிடித்தது. மின்சாரம் வந்து வந்து போகும் கிராமத்துக்காகச் செய்த கருவி, நகரத்து அலுவலரின் கருவியைவிட அதிகமாக மின்சாரத்தைக் கேட்டது. இது மறைக்க முடியாத பலவீனம். ஒரே ஒரு ஆறுதல்: பாம் கருவிகள் தகவலை ரேம் நினைவகத்தில் வைத்திருந்ததால் பேட்டரி முழுதாக வடிந்தால் எல்லாமே அழிந்துபோகும். சிம்ப்யூட்டர் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதியது. மின்சாரம் போனாலும் விவரம் போகாது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கருவியில் இருந்த ஸ்மார்ட் கார்டு செருகுவாய். ஒருவருக்கு ஒரு கணினி என்ற கணக்கையே இந்த எழுவரும் ஏற்கவில்லை. கருவி ஊருக்குப் பொது. பஞ்சாயத்தோ பள்ளியோ கடைக்காரரோ வைத்திருக்கலாம், மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கும் விடலாம். ஆனால் ஒவ்வொருவரிடமும் சொந்தமாக ஒரு கார்டு இருக்கும். அதைச் செருகினால் கருவி அவருடையதாகிவிடும். அவருடைய கணக்கு, அவருடைய மொழி, அவருடைய விவரம். கார்டை எடுத்தால் அடுத்தவருக்குத் தயார். கார்டுக்குள் இருக்கும் சிப்பில் சில கிலோபைட் இடம்தான் உண்டு. ஆனால் சேமிப்புக் கணக்குக்கோ கடன் தவணைக்கோ அது தாராளம். ஒன்பதாயிரம் ரூபாயைப் பத்துக் குடும்பங்கள் பகிர்ந்தால் குடும்பத்துக்குத் தொள்ளாயிரம். நூறு குடும்பங்கள் பகிர்ந்தால் தொண்ணூறு. மலிவு என்பதைக் கருவியின் விலைச்சீட்டில் தேடாமல், பயன்படுத்துவோரின் எண்ணிக்கையில் தேடினார்கள்.

குரலுக்கு வருவோம். ரமேஷ் ஹரிஹரன் உருவாக்கிய ‘த்வனி’ என்ற மென்பொருள் இந்தி, கன்னடம் ஆகிய மொழிகளின் எழுத்தை ஒலியாக்கியது. செய்முறை எளிமையானது. முழுச் சொற்களைப் பதிவு செய்தால் இடம் போதாது. எனவே மெய்யிலிருந்து உயிருக்குப் போகும் ஒலி, உயிரிலிருந்து மெய்க்கு வரும் ஒலி எனச் சிறு துண்டுகளை மட்டும் மனிதக் குரலில் பதிந்து, செல்பேசிகள் பேச்சைச் சுருக்கும் முறையிலேயே சுருக்கி வைத்துக்கொண்டு, எழுத்தைப் பார்த்து வரிசையாகக் கோத்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் இது நடக்காது. எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு என்பதால் பெரிய அகராதி ஒன்றைக் கூடவே சுமக்க வேண்டும். நம் மொழிகள் பெரும்பாலும் எழுதியபடியே ஒலிப்பவை. அதனால் சிறிய கருவியிலும் சாத்தியமாயிற்று.

தமிழுக்கு மட்டும் கூடுதலாக ஒரு படி உண்டு. ‘பம்பரம்’ என்பதில் முதல் பகரம் வல்லோசை, இரண்டாவது மெல்லினத்துக்குப் பின் வருவதால் குழைந்த ஓசை. ‘காகம்’, ‘பக்கம்’, ‘தங்கம்’ மூன்றிலும் ககரம் வெவ்வேறு ஒலி. சொல்லின் முதலில் வந்தால் இப்படி, இரட்டித்தால் இப்படி, இரு உயிருக்கு நடுவே வந்தால் இப்படி என்று பத்துப் பன்னிரண்டு விதிகளைக் கணினிக்குக் கற்பித்துவிட்டால் தொண்ணூறு சதவீத வேலை முடிந்துவிடும். மிஞ்சுவது வடசொற்களும் ஊர்ப்பெயர்களும். ‘பாவம்’ என்று எழுதியிருந்தால் அது பாட்டில் வரும் பாவமா, பரிதாபத்துக்குரிய பாவமா என்று எந்த விதியும் சொல்லாது. இத்தகைய இடங்களில் இயந்திரக் குரல் தடுமாறும்; கோத்த துண்டுகளின் இணைப்பும் காதில் உறுத்தும். ஆனால் தன் நிலத்தின் சர்வே எண்ணையும் கடன் பாக்கியையும் இன்னொருவரைக் கெஞ்சாமல் தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பெண்ணுக்கு அந்த உறுத்தல் ஒரு பொருட்டே அல்ல.

இவ்வளவு சிந்தித்துச் செய்த கருவி ஏன் பரவவில்லை?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் விலை. அது பாதி உண்மை. ஒன்பதாயிரம் ரூபாய் என்ற குறி, லட்சக்கணக்கில் உற்பத்தி செய்தால்தான் எட்டக்கூடியது. சிப்பும் திரையும் மொத்தமாக வாங்கினால்தான் விலை இறங்கும். விலை இறங்கினால்தான் மொத்தமாக விற்கும். இந்தச் சுழலை உடைக்க முதல் லட்சத்தை யாராவது வாங்கியாக வேண்டும். யாரும் வாங்கவில்லை. பேராசிரியர்கள் தொடங்கிய பிக்கோபெட்டா நிறுவனமும் பெங்களூரின் பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து 2004 மார்ச்சில் அமிடா சிம்ப்யூட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, கறுப்பு வெள்ளை மாதிரி 9,950 ரூபாய், வண்ணத்திரை மாதிரி 19,950 ரூபாய். அமிடாவில் அசைவை உணரும் சில்லு இருந்தது. மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் பக்கம் திரும்பும். கருவியைச் சாய்த்தால் திரையில் கோலிக்குண்டு உருளும். ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால் இது பெங்களூரில் நடந்தது என்பதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு. ஆனால் கிராமத்தை விட்டு, நகரத்தில் பாம் வாங்கக்கூடியவரை நோக்கி கருவி நகர்ந்துவிட்டது. அந்தச் சந்தையில் அதற்கு அனுகூலம் ஏதும் இல்லை.

விலை மட்டுமே காரணம் அல்ல என்பதற்கு அதே ஊரில், அதே பாரத் எலெக்ட்ரானிக்ஸில் சாட்சி இருக்கிறது. அமிடா வெளிவந்த சில வாரங்களில், 2004 ஏப்ரல் மே மாதங்களில், இந்தியா முழுவதும் மக்களவைத் தேர்தல் முதன்முறையாக மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களில் நடந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள். செய்தவை இரண்டே நிறுவனங்கள்: பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஹைதராபாத்தின் இசிஐஎல். 1989-90இல் வாங்கியபோது ஒன்றின் விலை சுமார் 5,500 ரூபாய். மலைக்கிராமத்தில் மின்கம்பம் இல்லாவிட்டாலும் ஆறு வோல்ட் பேட்டரியில் ஓடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தலாம். ஒரு சாவடியில் ஆயிரம் பேர் ஒரே கருவியைப் பகிர்வார்கள். சிம்ப்யூட்டர் கனவு கண்ட பண்புகள் ஏறக்குறைய எல்லாமே இதில் இருந்தன: மலிவு, பொதுக்கருவி, மின்சாரம் வேண்டாமை, எழுத்தறிவு வேண்டாமை.

வேறுபாடு எங்கே? வாக்கு இயந்திரத்துக்கு ஒரே வேலை, ஒரே வாங்குபவர். அந்த வாங்குபவரான தேர்தல் ஆணையத்துக்கு அந்த வேலையைச் செய்யும் பொறுப்பு சட்டத்தால் வந்தது. பொறுமையும் இருந்தது. கேரளத்தின் வடக்குப் பரவூரில் 1982-இல் சோதித்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. 1989-இல் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. 1998-இல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி ஆகிய இடங்களில் 16 தொகுதிகளில் மட்டும் பயன்படுத்தினார்கள். முதல் சோதனையிலிருந்து நாடு முழுவதும் வர 22 ஆண்டுகள். சிம்ப்யூட்டருக்குக் கிடைத்தவை நான்கே ஆண்டுகள்.

சிம்ப்யூட்டர் எல்லா வேலைக்கும் உதவும் என்று சொல்லி விற்கப்பட்டது. எல்லா வேலைக்கும் உதவுவது எந்த அலுவலரின் மேசையிலும் அவருடைய வேலையாக வந்து விழாது. ஓரளவு வெற்றி கண்ட இடங்களைப் பார்த்தால் இது தெளிவாகும். கர்நாடக அரசு நிலப்பதிவேட்டு விவரங்களைத் திரட்டுவதற்கு இதைப் பயன்படுத்தியது. கோவாவில் டெம்போ நிறுவனம் சுரங்க வாயிலிலிருந்து கப்பல்துறைவரை இரும்புத்தாது நகர்வதைக் கணக்கெடுக்க வைத்துக்கொண்டது. மஹிந்திரா நிறுவனம் மும்பையில் வாகன எஞ்சின் கோளாறுகளைக் கண்டறியப் பயன்படுத்தியது. மைசூரின் சங்கமித்ரா அமைப்பு சிறுகடன் கணக்குக்கு. எல்லாவற்றிலும் ஒரு நிறுவனமும் ஒரு வேலையும் இருந்தன.

இன்னொரு குறை, இணைப்பு. அதே ஆண்டுகளில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து பிரச்சினையைத் தாக்கிக்கொண்டிருந்தது. கருவியை விட்டுவிட்டு இணைப்பின் செலவைக் குறைக்க கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியிருந்தார்கள். பேச்சோடு வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையமும் கிடைத்தது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 முதல் அதை நம்பி கிராம இணைய மையங்கள் நடந்தன. அங்கே இணைப்பு மலிவு, ஆனால் கருவி வழக்கமான மேசைக் கணினி. பெங்களூரில் கருவி தயார், ஆனால் கிராமத்தில் அதைச் செருக இணைப்பு இல்லை. முந்நூற்றைம்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு நல்ல விடைகள் ஒன்றுக்கொன்று பயன்படாமல் போனதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது செல்பேசி. 2003 மே முதல் உள்வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்கு செல்பேசியைக் கையில் கொடுத்தது. கருவியின் மீதித் தொகையை மாதக் கட்டணத்தில் எடுத்துக்கொள்ளும் வசதி அதற்கு இருந்தது. சிம்ப்யூட்டர் விற்றவருக்கு விற்ற அன்றோடு வருமானம் முடிந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த நோக்கியா 1100-இல் டார்ச் விளக்கு இருந்தது, தூசு புகாத விசைப்பலகை இருந்தது, பேட்டரி நாட்கணக்கில் நின்றது. உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்றது. கணினி என்று அதை யாரும் அழைக்கவில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அதைப் பயன்படுத்த எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை, ஏனென்றால் மறுமுனையில் பேசியது மனிதர்.

வடிவமைப்பை வெளிப்படையாகப் பகிர்ந்த உரிமத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டற்ற மென்பொருளின் பொது உரிமத்தை முன்மாதிரியாகக் கொண்டு, வன்பொருளின் வரைபடங்களுக்கே ஒரு பொது உரிமத்தை அறக்கட்டளை எழுதியது. யாரும் வரைபடத்தைப் பார்க்கலாம், மாற்றலாம். தயாரித்து விற்பவர் கட்டணம் செலுத்தித் தன் மாற்றங்களையும் பிற்பாடு பொதுவில் வைக்க வேண்டும். காலத்துக்கு முந்திய நல்ல முயற்சி. ஆனால் வரைபடம் இலவசமாகக் கிடைத்தாலும் சிப் வாங்க முதல் போட யாரும் வரிசையில் நிற்கவில்லை.

சிம்ப்யூட்டர் கடைகளிலிருந்து மறைந்த பிறகும் அதன் மையக் கருத்து வேறு கைகளில் வளர்ந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் 2006-க்குப் பிறகு வேலை உறுதித் திட்டக் கூலியையும் முதியோர் ஓய்வூதியத்தையும் ஸ்மார்ட் கார்டு வழியே கொடுக்கத் தொடங்கினார்கள். கிராமத்தில் ஒருவர் கையடக்கக் கருவியோடு உட்கார்ந்திருப்பார். பயனாளி கார்டைக் கொடுத்து விரலை வைப்பார், பணம் வாங்குவார், ரசீது வரும். ஊருக்குப் பொதுவான கருவி, ஆளுக்கொரு கார்டு. இம்முறை அரசு என்ற வாங்குபவரும் கூலி என்ற வேலையும் இருந்தன.

தமிழ்நாட்டில் 2017 ஏப்ரலில் வந்த ஸ்மார்ட் குடும்ப அட்டையும் இதே குடும்பம்தான், ஆனால் ஒரு முக்கிய மாற்றத்தோடு. ரேஷன் கடைக்காரரின் கையில் இருக்கும் பொறி அட்டையிலுள்ள கியூஆர் குறியைப் படிக்கிறது. அட்டையில் சிப் இல்லை. இந்த மாதம் எத்தனை கிலோ அரிசி வாங்கினோம் என்ற கணக்கு தொலைவிலுள்ள சர்வரில் இருக்கிறது. இணைப்பு இல்லாத காலத்தில் பிறந்ததால் சிம்ப்யூட்டர் கணக்கை அட்டைக்குள் வைத்தது. இணைப்பு வந்துவிட்டதால் நாம் அட்டையை வெறும் அடையாளமாக்கிவிட்டோம். இதில் லாபம் உண்டு: அட்டை தொலைந்தால் கணக்கு தொலையாது, மோசடி செய்வது கடினம், எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம்.

நஷ்டம், சர்வர் கிடைக்காத நாளில் தெரியும். வரிசையில் நிற்பவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். பையோடு திரும்பிப் போய் மறுநாள் மறுபடி வருவார். கணக்கின் ஒரு பிரதி அட்டையிலும் இருந்தால் கடைக்காரர் அதில் குறித்துக்கொண்டு அரிசியைக் கொடுத்துவிடலாம், சிக்னல் வந்ததும் பொறி சர்வருக்குச் சொல்லிக்கொள்ளும். எவ்வளவு கொடுத்தார், இன்னும் எவ்வளவு பாக்கி என்பதைப் பொறியே தமிழில் வாய்விட்டுச் சொல்லவும் முடியும். மூன்று மாத ரேஷன் கணக்குக்கு ஒரு கிலோபைட்கூட ஆகாது. சிம்ப்யூட்டரின் கார்டில் 2001-லேயே அதற்கு இடம் இருந்தது.